ஊவாத் தோட்டங்களும் சனசமூக நிலையமும்

பதுளை மாவட்டத்தில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்திய வம்சாவளித் தமிழர் வாழ்ந்தனர். மாவட்டத்தின் மக்கட்டொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான தொகை அது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை ஆகிய கிழக்குச் சரிவுகளிலும், ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளைப் பகுதிகளிலும், அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லை வழியே கொஸ்லந்தை வரை இறங்கும் தென்புறச் சரிவிலும் இவர்கள் பரந்து வாழ்கின்றனர். ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வரண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்கு ஏற்படும் தனி மணத்தை உலகச் சந்தை நன்கறியும். அத்தேயிலையைக் கொய்யும் குடும்பங்கள் வேலை முடிந்த பின் எங்கே கூடுகின்றன, அவற்றின் பிள்ளைகள் மாலைப் பொழுதை எங்கே கழிக்கின்றனர் என்பதைச் சந்தை அறிய வேண்டியதில்லை. நாட்டினர் அறிந்திருத்தல் நன்று.

ஒரு தோட்டத்தில் மக்கள் கூடும் இடங்கள் பல உண்டு. அதிகாலையில் பேர் கொடுத்து வேலை வாங்கிக்கொள்ளும் பிரட்டுக்களம் ஒன்று. கொழுந்து நிறுக்கும் மடுவம் மற்றொன்று. தாய்மார் வேலைக்குச் செல்லுமுன் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா, மாரியம்மன் கோவில், பாடசாலை, தோட்டத்துக் கடை என்று மேலும் சில உண்டு. ஆயினும் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உரியவர் இருக்கின்றார். பிரட்டுக்களமும் மடுவமும் நிருவாகத்துக்கு உரியவை. பிள்ளைக்காம்பரா தாய் வேலைக்குச் செல்வதற்காகவே தோன்றியது. கோவில் கோவிற் கமிட்டிக்கும், பாடசாலை கல்வித் திணைக்களத்துக்கும், கடை கடைக்காரருக்கும் உரியன. லயத்து வாசலோ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு முன்னே உள்ள ஒடுங்கிய இடம். அங்கு நால்வர் அமர்ந்தால் ஐந்தாமவர் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே, தொழிலாளியாகவோ, பக்தனாகவோ, கடன்காரனாகவோ அன்றி, ஊரவன் என்ற ஒரே தகுதியோடு ஒருவன் சென்று அமரக்கூடிய இடம் தோட்டத்தில் இருப்பதில்லை. அத்தகைய இடத்துக்கே சனசமூக நிலையம் என்று பெயர். வாசிகசாலை, இளைஞர் கழகம், கலாசார மண்டபம் எனப் பெயர்ப்பலகை மாறலாம். பணி ஒன்றே.

யாழ்ப்பாணத்துக் கிராமத்திலோ மட்டக்களப்பிலோ சனசமூக நிலையம் என்றால் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. சந்தியில் ஒரு சிறு கட்டிடம், உள்ளே நீண்ட மேசை, மேசைமேல் அன்றைய பத்திரிகைகள், சுவரோரம் சில கதிரைகள், முற்றத்தில் கரப்பந்தாட்டத்துக்கான வலை. ஊரவர் காணி கொடுத்து, சிரமதானத்தால் சுவர் எழுப்பி, உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்துகொண்டால் பத்திரிகைக்கும் தளபாடத்துக்கும் மன்றத்தின் உதவி கிட்டும். தோட்டத்தில் இவ்வழக்கம் வேரூன்றாததற்குத் தொழிலாளரின் அக்கறையின்மையே காரணம் என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். உண்மைக் காரணம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

முதலாவதாக, காணி. கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் ஒரு பேர்ச்சஸ் நிலமும் இருந்ததில்லை. அவன் குடியிருந்த காம்பராவே வேலையோடு சேர்ந்து வந்தது, வேலையோடு சேர்ந்து போகக்கூடியது. இரண்டாவதாக, உள்ளூராட்சி. 1937, 1938ஆம் ஆண்டுகளில் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தும் முயற்சி எழுந்தபோது, தோட்டங்களில் வாழும் தொழிலாளர் அச்சபைகளின் வாக்காளராக விடப்படவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அப்பொழுது மலையகத் தமிழருட் பெரும்பாலானோர் வாக்குரிமை பெற்றுவிட்டனர், அல்லது பெறும் நிலையில் இருந்தனர். எனினும் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடந்தருவதில்லை என்றே பொருள் கொள்ளப்பட்டு வந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினரே சபையில் அமர்ந்திருப்பார். தம் தோட்டத்துப் பாதையில் ஒரு வண்டி கல்லைக் கொட்டுவிக்கவும் அவரால் இயலாது. இவ்விசித்திர நிலை 2018ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்படும் வரை நீடித்தது. அதே ஆண்டில் 32ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. சட்டத்தின் தடை நீங்கியது அண்மைக் காலத்திலேயே என்பதை மனத்திற்கொண்டு இன்றைய நிலையை அளவிடுதல் வேண்டும்.

கூடிச் செயற்படும் பழக்கம் இம்மக்களிடம் இல்லை என்ற கூற்றை ஊவாவின் சரித்திரமே மறுக்கும். 1940ஆம் ஆண்டில் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடைபெற்றது. தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தெரிவு செய்தனர். அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்துவதாகத் துரை இணங்க வேண்டியதாயிற்று. அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும் வாக்குச்சீட்டையும் கூட்டக் குறிப்பையும் அறியாத மக்களின் செயல் அன்று அது. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் பதுளைத் தொகுதியின் உறுப்பினருள் ஒருவராக இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையா தெரிவானார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அவரைத் தெரிவு செய்தவருட் பெரும்பாலோர் அடுத்த தேர்தலில் வாக்களிக்க இயலாதவராயினர்.

இத்தகைய நிலையங்கள் முதலில் வேறெங்கோ தோன்றிய வரலாறும் ஊவாத் தேயிலையோடு ஒருவகைத் தொடர்புடையது. இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், துறைமுகக் கூலிகளும் தையற்காரரும் நெருக்கமாக வாழ்ந்த வைட்சப்பல் என்னுமிடத்தில், 1884ஆம் ஆண்டு டொயின்பீ மண்டபம் திறக்கப்பட்டது. சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவருடைய மனைவி ஹென்றியெட்டாவும் அதனை நிறுவினர். பல்கலைக்கழகப் பட்டதாரிகள் ஏழைகளின் நடுவே தங்கியிருந்து, மாலை வகுப்பு நடத்தி, அவர்களுடைய வழக்கு வில்லங்கங்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை கூறினர். அங்கிருந்து தேயிலை ஏலம் நடைபெற்ற மின்சிங் லேன் வீதிக்கு நடந்தே சென்றுவிடலாம். லிப்டன் துரை 1890இல் அப்புத்தளைப் பகுதியில் தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கிய காலத்தில், இலங்கைத் தேயிலைப் பெட்டிகளை இலண்டன் துறைமுகத்தில் இறக்கிய தொழிலாளியின் பிள்ளைக்கு மாலையிற் செல்ல ஒரு மண்டபம் இருந்தது. அப்பெட்டிகளை நிரப்பியவரின் பிள்ளைக்கு அஃது இல்லை. 1889இல் சிக்காகோ நகரில் ஜேன் அடம்ஸ் அம்மையாரும் அவருடைய தோழியாரும் தொடங்கிய ஹல் இல்லமும் இவ்வழியிற் பிறந்ததே. டொயின்பீ மண்டபத்திற் சிறிது காலம் செயலாளராகப் பணியாற்றிய கிளெமென்ட் அட்லி, 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றபோது பிரித்தானியாவின் பிரதம மந்திரியாக இருந்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

மலைநாட்டில் இவ்வெண்ணத்துக்கு உருக்கொடுத்தவருட் குறிப்பிடத்தக்கவர் பால் கஸ்பர்ஸ் அடிகளார். இவர் 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தோற்றுவித்தார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் இருந்து தோட்டத்து மக்களின் வாழ்வை ஆராயவும் உதவவும் முயன்ற இடம் அது. அதே ஆண்டிலேயே பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, வசதி மிக்க அப்பதவியை விட்டுப் பதுளையின் முதல் ஆயராக வந்தார். 1982இல் மறையும் வரை கிராமத்து ஏழையையும் தோட்டத்து ஏழையையும் ஒருங்கே கருதிப் பணிபுரிந்தார். 1970களின் முற்பகுதி தோட்டங்களில் பட்டினிக் காலமாக இருந்தது என்பதை முதியோர் இன்றும் மறக்கவில்லை. அக்காலத்தில் இத்தகையோர் கைதூக்கியது சிறு செயலன்று.

இனி, ஒரு தோட்டத்துச் சனசமூக நிலையம் செய்ய வேண்டிய வேலை யாது என்பதைப் பார்ப்போம். கரம் பலகையும் வானொலிப் பெட்டியும் வைப்பது மட்டுமா? அவையும் வேண்டும். ஆனால் முதலில் வேண்டியது ஒரு மேசை, ஒரு பேனை, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர்.

மலையகத் தமிழரின் நூற்றாண்டு வரலாற்றைக் கடதாசியின் வரலாறு என்றே கூறலாம். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் மனுக்கள் அனுப்பப்பட்டன. பிரசாவுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேருக்கு. மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்ததாக நிரூபிக்க வேண்டும். துண்டும் செக்ரோலும் துரையின் கந்தோரில் இருந்தன. பிறப்புச் சாட்சிப்பத்திரம் பலருக்கு இல்லை. ஒரே மனிதனின் பெயர் ஒரு பத்திரத்தில் முனியாண்டி என்றும் மற்றொன்றில் முனியன் என்றும் இருந்தது. இத்தகைய காரணங்களால் மனுக்கள் தள்ளுபடியாயின. பின்னர் 1964 ஐப்பசியில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேருட் பெரும்பாலோரை இரு நாடுகளும் எண்ணிக்கையிட்டுப் பிரித்துக்கொண்டன. அப்பொழுதும் படிவங்கள்தாம். எந்தக் கட்டத்தில் அடையாளமிட்டால் எந்த நாட்டுக்குச் செல்ல நேரும் என்பதைத் தெளிவாக விளக்கிக்கூற ஆளில்லாமல் கையொப்பம் வைத்தவர் பலர். அண்ணன் இராமேசுவரம் கப்பலேறத் தம்பி பசறையில் நின்ற குடும்பங்கள் ஊவாவிற் குறைவல்ல. நாடற்றவராய் எஞ்சியோரின் துன்பம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு பெரும்பாலும் நீங்கிற்று.

பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது, ஆயினும் கடதாசிப் பிரச்சினை தீரவில்லை. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு அமரும் மாணவனிடம் தேசிய அடையாள அட்டை கேட்கப்படுகிறது. அதற்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் வேண்டும். அதில் தாயின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையிருந்தால் அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும். செயலகத்துக்குச் செல்ல ஒரு நாட் சம்பளத்தை விட வேண்டும். சென்ற இடத்தில் தமிழிற் பேசும் உத்தியோகத்தர் அன்று விடுமுறையென்றால் மற்றுமொரு நாட் சம்பளம் போயிற்று. ஊழியர் சேமலாப நிதியைப் பெறும்போதும் இதே கதை. முப்பது வருடம் கொழுந்தெடுத்த மூதாட்டி, பதிவிலுள்ள பெயரும் அட்டையிலுள்ள பெயரும் ஒன்றல்ல என்ற காரணத்தால் தன் சொந்தப் பணத்துக்காகக் காத்திருக்கின்றாள். இத்தகைய நிலையில் ஒரு தரகன் குறுக்கே வருவான், கூலியும் பெறுவான். வாரத்தில் ஒரு மாலை, படித்த இளைஞர் இருவர் ஒரு மேசையைப் போட்டு அமர்ந்து, வருவோரின் பத்திரங்களைப் பார்த்து, பிழையைக் கண்டு, உரிய மனுவை எழுதிக் கொடுத்தால் தரகனுக்கு அத்தோட்டத்தில் வேலை இல்லாது போகும். டொயின்பீ மண்டபத்தின் பட்டதாரிகள் செய்ததும் இதுவே.

கடிதமும் இவ்வகையைச் சேர்ந்ததே. தோட்டத்து விலாசத்தில் வீட்டிலக்கமும் தெருப்பெயரும் நெடுங்காலம் இருந்ததில்லை. தபால் தோட்டக் கந்தோருக்குச் சென்று, அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்துக்கு வரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பின்னர் கிடைத்த இளைஞரைத் தோட்டந்தோறும் காணலாம். ஒரு நிலையம் தன் சுவரில் பூட்டுள்ள தபாற்பெட்டி ஒன்றை மாட்டி, நாள்தோறும் ஒருவர் கடிதங்களைப் பெற்றுவந்து பதிந்து கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுமானால், அதன் செலவு ஒரு பூட்டின் விலைக்குமேற் போகாது.

இளைஞரைப் பற்றிப் பேசும்போது படிப்பைப் பற்றிப் பேசாமல் இயலாது. ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்துமாறு 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட அதிகாரிகளைப் பணித்தது. நடைமுறையில் ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஐந்து வகுப்பு என்பதே வழக்கமாயிற்று. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அடுத்த பத்தாண்டில் சுவீடன் நாட்டு உதவியும் கிடைத்தது. கட்டிடங்கள் எழுந்தன, தோட்டத்திலிருந்தே ஆசிரியர் நியமனம் பெற்றனர். 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் பதுளையில் அமைந்துவிட்டது. ஆயினும் பாடசாலை பிற்பகலில் மூடப்படுகின்றது. அதன்பின் லயத்துக் காம்பராவில் ஒரே விளக்கின் கீழ்த் தாய் சமைக்க, தந்தை படுக்க, தங்கை அழ, தம்பி தொலைக்காட்சி பார்க்க, மூத்தவன் கணக்குப் போட வேண்டியிருக்கின்றது. அவன் கணிதத்திற் சித்தியடையவில்லை என்றால் குறை அவனுடைய மூளையில் இல்லை. இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும் ஒரு கூடமும், நாலு வாங்கும், உயர்தரம் படித்த ஒருவரின் மேற்பார்வையும் அவனுக்குக் கிடைத்தால் நிலைமை வேறாகும். இதற்குப் பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை. அமைதிதான் தேவை.

வாசிக்கும் பழக்கத்தின் பயனுக்கு ஊவாவிலேயே சான்று உண்டு. ஹாலிஎலையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் எழுத்தாளர் ஜோசப். தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் தெளிவத்தை ஜோசப் என நாடறிய எழுதினார். 'காலங்கள் சாவதில்லை' நாவலும் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதியும் லயத்து வாழ்வை இலக்கியமாக்கின. 2022இல் அவர் காலமானபோது தமிழுலகம் முழுவதும் துயருற்றது. அவரைப் போன்ற ஒருவர் தோன்றுவதற்குத் தனித்திறமை வேண்டும் என்பது உண்மை. அத்திறமையுள்ள பிள்ளையின் கையில் ஒரு புத்தகம் அகப்படவும் வேண்டுமல்லவா? தோட்டத்து நூலகத்துக்கு நூறு நல்ல புத்தகம் போதும். பழைய பரீட்சை வழிகாட்டிகளை அள்ளி அனுப்பிவிட்டு அலமாரி நிரம்பியதாக மகிழும் தரும சிந்தனை எவருக்கும் உதவாது.

படிப்பை இடையில் விட்ட இளைஞன் கொழும்புக்குச் செல்கின்றான். கடையிலோ ஹோட்டலிலோ நிற்கின்றான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புதுச் சட்டையோடு திரும்புகின்றான். பெண்கள் ஆடைத் தொழிற்சாலைக்கும், தாய்மார் மத்திய கிழக்குக்கும் செல்கின்றனர். வெளியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று மேடையிற் பேசுவோர் உளர். எவரையும் மலையிற் கட்டிவைத்தல் நியாயமாகாது. போகின்றவர் ஒரு தொழிலையும், சிங்களத்தையும் சிறிது ஆங்கிலத்தையும் கற்றுப் போனால் அங்கே அவருடைய கூலியும் மதிப்பும் உயரும். தாய் வெளிநாடு சென்ற வீட்டில் பிள்ளையைக் கவனிப்பது பாட்டியே. அப்பாட்டியின் துணைக்கு மாலையில் ஒரு நல்ல இடம் வேண்டும். இல்லையேல் கசிப்புக் காய்ச்சுபவனின் கொல்லைப்புறமே இளைஞரின் சங்கமாகிவிடும். இது கற்பனையன்று. கங்காணிமாரும் தலைவர்மாரும் நன்கறிந்த விடயம்.

பெண்களைப் பற்றி ஒன்று கூற வேண்டும். கொழுந்தெடுப்போருட் பெரும்பாலோர் பெண்கள். மாலை மடுவத்தில் நிறுத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவில் குழந்தையைப் பெற்று, விறகும் தண்ணீரும் சுமந்து வீடு சேரும் பெண், ஆறு மணிக்கு நிலையத்துக்கு வருவாள் என்று எதிர்பார்ப்பது பேதைமை. மாலையில் மட்டும் திறக்கப்படும் நிலையம், பெயரளவிற் பொதுவாயினும், நடைமுறையில் ஆடவரின் நிலையமே. ஞாயிறு பிற்பகல் அவளுக்குச் சிறிது ஓய்வுண்டு. அந்நேரத்தைப் பெண்களுக்கென்றே விட்டுவிடுதல் நன்று. தையல் வகுப்பு மட்டுமே அவர்களுக்குரியது என்று எண்ணவும் வேண்டாம். சம்பளத் துண்டை வாசிக்கக் கற்பதும், அதில் எதற்கு எவ்வளவு கழிக்கப்பட்டது என்று கேட்கத் துணிவதும் தையலினும் பயன் தரும். 1992இல் அமைக்கப்பட்ட பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிறுவனத்தின் வாயிலாகப் பழைய பிள்ளைக்காம்பராக்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகத் திருத்தப்பட்டுள்ளன. அவற்றுக்கு அருகே சனசமூக நிலையம் அமைந்தால், தாயும் பிள்ளையும் ஒரே பாதையில் வந்து செல்வர்.

இவ்வளவு பயனுள்ள நிலையங்கள் சில தோட்டங்களில் கட்டப்பட்டும் பூட்டிக் கிடப்பது ஏன்? தேர்தலுக்கு முந்திய மாதத்தில் அடிக்கல் நாட்டப்படுகின்றது. கட்டி முடிந்ததும் பெயர்ப்பலகையில் ஒரு தலைவரின் படம் ஏறுகின்றது. மற்றச் சங்கத்தார் அப்படியைக் கூட மிதிப்பதில்லை. திறப்பு ஒருவரின் வீட்டில் இருக்கும். அவர் வேலைக்குப் போயிருப்பார், அல்லது கோபத்தில் இருப்பார். மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்ற வினாவோடு விளக்கும் அணைந்துவிடும். ஈற்றில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பயன்படும் கதிரைகளை அடுக்கும் களஞ்சியமாக அக்கட்டிடம் மாறுகின்றது.

ஆனால் அந்தக் கதிரைகளிலேயே ஒரு விடை இருக்கின்றது. அவற்றைப் பெரும்பாலும் வாங்கி வைத்திருப்பது மரண உதவிச் சங்கம். தோட்டத்தில் எச்சங்கம் உடைந்தாலும் இச்சங்கம் உடைவதில்லை. கட்சியும் சாதியும் மதமும் பாராது வீட்டுக்கு வீடு மாதந்தோறும் சிறு தொகை சேர்க்கின்றனர். சாவு விழுந்த வீட்டுக்குப் பெட்டியும் பந்தலும் தேநீரும் அன்றே சென்றுவிடும். கணக்குப் புத்தகம் கூட்டத்தில் வாசிக்கப்படும். ஒரு சதம் பிசகினாலும் பொருளாளர் பதில் கூறியாக வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்தத் தொண்டர் நிறுவனமும் கற்றுக்கொடுக்காமலே இம்மக்கள் அமைத்துக்கொண்ட ஒழுங்கு இது. புதிதாகக் கமிட்டி ஒன்றை உண்டாக்கி அதற்கு ஆறு பதவிகளை வகுப்பதினும், இச்சங்கத்திடமே நிலையத்தின் திறப்பையும் கணக்கையும் ஒப்படைப்பது புத்தி. இறந்தோருக்காக ஒன்றுபடுவோர், இருப்போரின் பொருட்டும் ஒன்றுபட மாட்டார்களா?

இங்கே, எல்லாவற்றினும் அவசரமான ஒரு விடயம் எஞ்சியுள்ளது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்களும் கோவிலும் கடைகளும் மண்ணுள் மறைந்தன. அந்நேரம் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் உயிர் தப்பினர். மாலையில் திரும்புவதற்கு அவர்களுட் பலருக்கு வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கந்தோர்களைச் சென்றடைந்தது. மக்கள் குடிபெயரவில்லை, குடிபெயர்க்கப்படவும் இல்லை. போவதற்கு வேறிடம் காட்டப்படாதவனிடம் இவ்விடத்தை விடு என்று கூறுவது எச்சரிக்கையாகாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மண்சரிவின் பின்னர் மற்றுமொரு கொடுமை வெளிப்பட்டது. எத்தனை பேர் புதையுண்டனர் என்று எவராலும் உடனே கூற முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றனர். பின்பு அத்தொகை சில பத்துக்களாகக் குறைந்தது. எந்தக் காம்பராவில் எவர் இருந்தார், எவர் கொழும்பிற் கடையில் நின்றார், எவர் உறவினர் வீடு சென்றிருந்தார் என்ற இடாப்பு மக்கள் கையில் இருக்கவில்லை. தப்பியோருட் பலருக்கு மகல்தெனியாவிற் கட்டப்பட்ட புதிய வீடுகள் 2016இலேயே கிடைத்தன. அதுவரை அகதி வாழ்வே. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாயிற்று.

ஊவாவின் பெருமழை ஒக்டோபரிலிருந்து தை மாதம் வரை பெய்வது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எளிய மழைமானிகளை மக்களிடமே கொடுத்து வருகின்றது. அளவுகோடிட்ட ஒரு குழாய்தான் அது. வாசிப்பதற்கு உயர்கல்வி வேண்டியதில்லை. இருபத்து நாலு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐ எட்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐ எட்டினால் வெளியேறியே ஆக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் 75 பெய்தாலும் அவ்வாறே. ஆனால் நள்ளிரவில் அக்குழாயைப் பார்ப்பவர் யார்? பார்த்தவர் எந்தெந்தக் கதவைத் தட்ட வேண்டும்? நடக்கவியலாத கிழவர் எந்தக் காம்பராவில் இருக்கின்றார்? எல்லாரும் புறப்பட்டு எங்கே செல்வது?

நிலையம் கட்டுவதற்கு இடம் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இதனையே. பாதையோரமா, கோவிலருகா என்பது பின்னர். மழைக்காலத்தில் சரியாத மேட்டைக் காட்டுமாறு நிறுவனத்தின் உத்தியோகத்தரைக் கேட்டு, அங்கே கூரை எழுப்பல் வேண்டும். சுவரில் லயம் லயமாகக் குடும்பத்தாரின் பெயர்கள், மாதந்தோறும் திருத்தப்பட்டு, தொங்க வேண்டும். மழைமானி முற்றத்தில் நிற்க வேண்டும். இரவு முறைக்கு இளைஞர் இருவர். பிரட்டுக்கு ஆளெழுப்ப அந்நாளில் அதிகாலையில் அடித்த தப்பு இன்றும் பல தோட்டங்களில் கோவிற் சுவரில் தொங்குகின்றது. அதனை எடுத்துவந்து நிலையத்தின் கதவருகே மாட்டிவிட்டால், 150ஐத் தொட்ட இரவில் அடிப்பதற்கு ஆயத்தமாக இருக்கும்.